எல்லாமே சரி என்றார்கள்

மார்ச் 3, திங்கள்

புது மெஷின் வந்துவிட்டது. இரண்டு ஆட்கள் தூக்கி வந்து, கடையின் பின்னறையில் பழைய சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். கூடவே சொல்லிக்கொடுக்க ஒருத்தர், வழுக்கைத் தலையும் கழுத்தில் டையுமாக. முதலில் ஃபிரேமை உள்ளே வைத்தால் மெஷினே அதன் வடிவத்தை அளந்துகொள்ளும். பிறகு எந்தக் கண் என்று சொல்ல வேண்டும். பிறகு ஆக்ஸிஸ், அதாவது லென்ஸை எந்தச் சாய்வில் திருப்பி வைப்பது என்பது. பிறகு லென்ஸ் எந்த வகை. கடைசியில் பச்சைப் பொத்தான். அவ்வளவுதான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அதுவாக வெட்டித் தள்ளிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குள் குட்டி கற்றுக்கொண்டுவிட்டாள். குட்டி என் தங்கை. ஐம்பத்திரண்டு வயது, இன்னும் குட்டிதான். கடை எங்கள் இரண்டு பேருடையது. பவர் பார்ப்பதும் வியாபாரமும் அவள், லென்ஸ் வெட்டுவது நான் என்று முப்பது வருஷமாக நடக்கிறது.

எனக்கும் எல்லாம் புரிந்தது. டைக்காரர் சொன்னதை வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னேன். "பெரியம்மா கற்பூரம்" என்றார். அப்புறம் செய்து காட்டச் சொன்னார். வடிவம் அளந்தேன், நேராகப் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். எந்தக் கண் என்று சொல்லவே இல்லை. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவையும் அதே இடத்தில் அதே தப்பு.

நடுக்கம் வலது கையில். இரண்டு வருஷம் முன்னால் டாக்டர் இது பார்க்கின்சன் நோய் என்று சொன்னபோதே கேட்டேனே, கைக்குத்தானே, தலைக்கு இல்லையே என்று. அவர் என்ன பதில் சொன்னார்? ஞாபகப்படுத்திப் பார்த்தால், பதிலே சொல்லவில்லை. மாத்திரை எழுதினார்.

மார்ச் 6, வியாழன்

இடது லென்ஸை வலது என்று வெட்டினேன். நேற்றும் அதேதான்.

மார்ச் 14, வெள்ளி

மெஷினில் யாரோ கை வைக்கிறார்கள்.

நேற்று மாலை நான் கிளம்பும்போது திரையில் 'பிளாஸ்டிக்' என்று இருந்தது. இன்று காலை வந்து பார்த்தால் வேறு வகை. குட்டியைக் கேட்டேன்.

"நீயேதான் மாத்தியிருப்ப, மறந்திருப்பக்கா."

மறப்பு எனக்குக் கிடையாது. போன வருஷம் யார் எந்த ஃபிரேம் வாங்கினார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் மறந்திருப்பேன் என்கிறாள்?

லென்ஸ் டப்பாக்களும் சீக்கிரம் காலியாகின்றன. கேட்டால், கம்பெனிக்காரன் குறைச்சலாக அனுப்புகிறான் என்கிறாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஏற்கெனவே துடைத்த மேசை.

மார்ச் 19, புதன்

நல்ல நாள். வெட்டியதை எல்லாம் குட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாமே சரியா இருக்குக்கா" என்றாள். எல்லாமே! முதலில் பச்சைப் பொத்தான் பக்கம் விரல் போகிறது, அதைத் தடுத்து நிறுத்திவிட்டு மனசில் தோன்றியதை அமுக்குகிறேன், சரியாக வந்துவிடுகிறது. யோசிக்காமல் செய்வதுதான் வழி போலிருக்கிறது. பழைய கல்லிலும் நான் என்றைக்கு யோசித்து வெட்டினேன்?

வீட்டுக்கு வந்து வாத்தியாரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார். "எனக்குத் தெரியும், நீ பிடிச்சிடுவ" என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினார். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்.

மார்ச் 27, வியாழன்

வாத்தியார் இப்போதெல்லாம் சாயங்காலம் நடக்கப் போகிறார். வாழ்நாளில் நடக்காத மனுஷன். உலக வரைபடத்தில் விரலால் நடந்ததோடு சரி. நான் நாலு மணிக்குக் கடையிலிருந்து வந்து மாத்திரை போட்டுப் படுக்கிறேன், எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வருகிறார்.

இன்று அவர் சட்டைக் கைமடிப்பில் வெள்ளைப் பொடி. விரலால் தொட்டேன். மாவு மாதிரி மெல்லிசாக இருந்தது. மோந்து பார்த்தேன். என்ன பிரயோஜனம், என் மூக்கு செத்து ஆறேழு வருஷமாகிறது. நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே வாசனை போய்விட்டது. அதுவும் இந்த வியாதியின் வேலைதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

குட்டி பவுடர் போடாமல் வாசலைத் தாண்டமாட்டாள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சீ. அடித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

இடது தோளுக்குப் பின்னால் ஒருத்தர் நிற்பது போல இருக்கிறது. திரும்பினால் யாரும் இல்லை. பயமாக இல்லை, எரிச்சலாக இருக்கிறது. நிற்கிறவர் முன்னால் வந்து நிற்கலாமே.

ஏப்ரல் 9, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கையைக் காலைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யோசனைக்கும் ஒரு பரிட்சை வெப்போம்" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண். மேசையில் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் படங்கள். சிவப்பு வட்டம், பச்சை நட்சத்திரம் என்று. கையில் கொடுக்கிற சீட்டை எதோடு சேர்ப்பது என்று நானே கண்டுபிடிக்க வேண்டுமாம். நிறம் பார்த்தா, வடிவம் பார்த்தா, எண்ணிக்கை பார்த்தா என்று அவள் சொல்லமாட்டாள். 'சரி', 'தப்பு' மட்டும் சொல்வாள்.

நிறம் என்று பிடித்துவிட்டேன். சரி, சரி, சரி என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று 'தப்பு'. அடுத்ததும் தப்பு.

"நடுவுல விதியை மாத்திட்டீங்க" என்றேன்.

சீட்டை நீட்டினாள். நிறம் இல்லை என்று தெரிகிறது. தெரிந்தும் கை நிறத்துக்கே போய் வைக்கிறது. தப்பு. மறுபடி நிறம். தப்பு. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து வைக்கிற மாதிரி.

முடிந்த பிறகு கேட்டேன், "உண்மையைச் சொல்லுங்க, மாத்தினீங்கதானே?"

"ஆமாம்மா. அதுதான் பரிட்சையே" என்று சிரித்தாள்.

பார்! நான் சந்தேகப்பட்டது சரிதான்.

ஒன்று எழுத வேண்டும். 'தப்பு' என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கோபம் வரவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றினது போலிருந்தது.

டாக்டரம்மா விளக்கினார். ஞாபகம் என்னுடையது நன்றாகவே இருக்கிறதாம். ஆனால் செய்து செய்து பழகிக் கற்பது வேறு பாதையாம், அது இந்த வியாதியில் மங்கும். மூளை ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறவும் சிரமப்படும். "சிலருக்கு மாத்திரை வேலை செய்யுற நேரத்துல 'சரி'ன்னு சொல்றது நல்லா ஒட்டும், 'தப்பு'ன்னு சொல்றது அவ்வளவா ஒட்டாது. அதனால தெளிவா, திரும்பத் திரும்பச் சொல்லணும். நீங்களும் கை போற போக்குல விடாம, அடுத்தது என்னன்னு வாயால சொல்லிட்டுச் செய்யுங்க. அந்தப் பாதை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

வாத்தியார் பக்கத்தில்தான் இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. எதற்கு?

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுத்து எறும்பு எறும்பாக வருகிறது. பரவாயில்லை, எழுதித் தீர வேண்டும்.

கடைக்கு விடுமுறை. சாயங்காலம் அவர் நடக்கப் போனார். நான் தூங்கவில்லை, தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். கதவு சாத்தின சத்தம் கேட்டதும் குட்டிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவருக்குப் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறார்.

வந்தார். கைமடிப்பைத் தண்ணீர் தொட்டுத் துடைத்திருக்கிறார். ஈரம் தெரிந்தது.

"எங்க போனீங்க?"

"பூங்கா வரைக்கும்."

"குட்டியும் பூங்காவுக்கு வந்தாளா?"

அப்புறம் என்ன சொன்னேன் என்று முழுக்க எழுத மாட்டேன். சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். பவுடர், போன், ரகசியமா கடை மூலையில நின்னு பேசுறது, நான் வந்ததும் பேச்சை மாத்துறது. எனக்கு வியாதி வந்தது உங்க ரெண்டு பேருக்கும் வசதியாப் போச்சு இல்லன்னு கேட்டேன்.

"என்ன பேசுற நீ? அவ உன் தங்கச்சி. எனக்கு மக மாதிரி" என்றார். உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் கர்ஜித்த மனுஷன்.

அப்படி ஒன்றும் இல்லை, இல்லை, இல்லை என்று எத்தனையோ தரம் சொன்னார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் கடைசி வரைக்கும் அதே பூங்காதான்.

ஏப்ரல் 23, புதன்

எனக்கு முன்னாலேயே வாத்தியார் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்! நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்தம்மா முதல் கேள்வியே, "வீட்டுல இருக்கறவங்க மேல சந்தேகம் வருதாமே?" உடம்பெல்லாம் கூசிவிட்டது. பின்னால் யாரோ நிற்பது போல இருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

போன வருஷம் சேர்த்த இரண்டாவது மாத்திரைதான் காரணமாக இருக்கலாமாம். சிலருக்கு இப்படிச் செய்யுமாம். கட்டின புருஷன் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பிவிடுமாம். நானாக நிறுத்தக்கூடாது, அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

"இது உங்க குணம் இல்லம்மா. மாத்திரையோட வேலை. வெட்கப்படாதீங்க."

வெட்கம் இல்லை டாக்டரம்மா. எனக்கு வந்த கேள்வி வேறு. மனசில் ஒன்று தோன்றுகிறது என்றால் அது என்னுடையதா, மாத்திரையுடையதா என்று நான் எப்படிப் பிரிப்பது? இனிமேல் நான் எதைச் சொன்னாலும் இவர்கள் மாத்திரை என்றுதானே சொல்வார்கள்? உண்மையிலேயே ஒருத்தர் என்னை ஏமாற்றினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுதிக்கொள்வார்.

மே 12, திங்கள்

தோளுக்குப் பின்னால் நின்றவர் போய்விட்டார். காலையில் எழுந்தால் மனசு கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. மார்ச்சில் எழுதியதை எடுத்துப் படித்தேன். யாரோ எழுதினது போலிருக்கிறது. என் தங்கை மேல் போய் நான்!

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத்தான் சொல்லியிருப்பாரே" என்றேன். தலையாட்டினாள். கோபப்படுவாள், நாலு வார்த்தை கேட்பாள், கேட்கட்டும் என்றுதான் நின்றேன். கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிறுத்தவே இல்லை. "நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்காதக்கா, கேக்காத" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பவுடர் கரைந்து கன்னத்தில் கோடு கோடாக இறங்கியது.

அவ்வளவு புண்படுத்தியிருக்கிறேன்.

மே 20, செவ்வாய்

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குட்டி வெளியே போயிருந்தாள். கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிற ஒருத்தர் வந்தார். கண்ணாடியைக் காதில் மாட்டுகிற கம்பியில் திருகு தளர்ந்திருக்கிறதாம். போன மாதம் நான் வெட்டிக் கொடுத்த கண்ணாடி. திருகை முடுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் லென்ஸின் ஓரத்தை நகத்தால் தடவினேன்.

மெஷின் வெட்டினாலும் கடைசியில் ஓரத்தைக் கல்லில் ஒரு தரம் நீவித்தான் ஃபிரேமில் போடுவோம். என் கை நீவினது எனக்குத் தெரியும், நடுக்கம் வந்த பிறகும். குட்டி கை நீவினதும் தெரியும், அவள் அவசரக்காரி, மூலையை விட்டுவிடுவாள். இது இரண்டும் இல்லை. ஓரிடத்தில் மூன்று தரம் தேய்த்து, இன்னோரிடத்தைப் பயந்து பயந்து தொட்டிருக்கிறது. இப்போதுதான் வேலை பழகுகிற ஒருத்தருடைய கை.

எங்கள் கடையில் மூன்றாவது ஆளே கிடையாது.

"கண்ணாடி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பிரமாதம்மா. உயரத்துல இருந்து பார்த்தா ஊரே துல்லியமாத் தெரியுது."

அவர் போன பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரைதான். மாத்திரை முழுக்க இறங்கவில்லை போலிருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். வாத்தியாரிடம் வேண்டாம், பாவம், இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருக்கிறார்.

ஆனால் மாத்திரைக்கு லென்ஸ் ஓரம் பற்றி என்ன தெரியும்?

மே 24, சனி

குட்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்றைக்கு வெட்டியது எல்லாமே சரியாம்.

மே 29, வியாழன்

கை நடுங்கினாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்தபோது அவர் வழக்கம்போல நடக்கப் போயிருந்தார். சந்தேகம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. குட்டிக்கு நான் பின்னி வைத்திருந்த பைக்குப் பிடி போட்டு முடித்திருந்தேன். கொடுத்துவிட்டு வரலாம், சும்மா பேசிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். சமாதானத்துக்கு ஒரு பை. அவ்வளவுதான் நோக்கம்.

வெயில் இன்னும் இருந்தது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். பின்னறையில் விளக்கு எரிந்தது. சாணைக்கல் சுற்றுகிற சத்தம்.

வாசல்படியைத் தாண்டப் போனேன், கால் ஒட்டிக்கொண்டது. வாசல் என்றால் இப்போது எனக்கு அப்படித்தான். தரையில் பசை தடவின மாதிரி நின்றுவிடும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அங்கேயே நின்றேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

"அத்தான், இதுவும் தப்பு. ஆக்ஸிஸ் நேர் குறுக்கால இருக்கு. இதைப் போட்டா அந்தம்மா படி இறங்கும்போது விழுந்துடும்."

"வேற லென்ஸ் இருக்கா?"

"ஒண்ணுதான் இருக்கு. நான் வெட்டித் தரேன், நீங்க ஓரம் நீவிடுங்க. போன தரம் மாதிரி அழுத்தாதீங்க."

"உங்கக்கா நீவுறதைப் பார்த்திருக்கேன். ரெண்டு விரல்தான் வெப்பா. எனக்கு வரமாட்டேங்குது."

என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கல் முன்னால் வாத்தியார். கை முழுக்க வெள்ளைத் தூள்.

லென்ஸ் தூள். முப்பது வருஷம் அந்தத் தூளிலேயே குளித்தவள் நான். பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டாமா? வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் வேறு ஒன்றைப் பார்த்தேன். சில லென்ஸைத் தேய்த்தால் ரப்பர் எரிந்தது போல நாறும். மூக்கு என்று ஒன்று இருந்திருந்தால் அந்த மார்ச் மாதமே விஷயம் முடிந்திருக்கும்.

கண்ணாடிக் கடையில் ஒளிந்தா நிற்க முடியும்? சுவரெல்லாம் முகம் பார்க்கிற கண்ணாடி. குட்டி நிமிர்ந்தவள் அதில் ஒன்றில் என்னைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்தது கீழே விழுந்தது.

"அக்கா..."

அவர் ஓடிவந்தார். "கிட்ட வராதீங்க" என்றேன். நின்றார். நானும் நின்றேன். எனக்கோ நகர முடியவில்லை. திரும்பிப் போய்விட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கிறது, கால் கேட்க மாட்டேன் என்கிறது. கடைசியில் அவர் வந்து, தன் பாதத்தை என் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தார். கால் ஒட்டிக்கொண்டால் வீட்டில் அப்படித்தான் செய்வார். அதைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழும்பும். எழும்பியது. அவர் காலைத் தாண்டி உள்ளே போனேன். போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது?

"எப்போலேர்ந்து?"

"மெஷின் வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து" என்றாள் குட்டி. "முதல்ல நான் மட்டும்தான் வந்து சரி பண்ணிட்டிருந்தேன். பவர் ஒத்துப்பார்க்க இன்னொரு ஆள் வேணும். அத்தானைக் கூப்பிட்டேன். மெஷினை நாங்க வேற வகைக்கு மாத்தி வெட்டிட்டு, திருப்பி வைக்க மறந்துட்டோம் ஒரு நாள். நீ கேட்ட. நான்... உன்னையே குத்தம் சொல்லிட்டேன்."

"எல்லாமே சரின்னியே. ஒவ்வொரு நாளும்."

"முதல் வாரம் தப்புன்னு சொன்னப்போ உன் முகம் போன போக்கைப் பார்த்தேன்க்கா. மறுபடி சொல்ல மனசு வரல."

அவரைத் திரும்பிப் பார்த்தேன். "ஏங்க, நீங்க வாத்தியார்தானே? ஆயிரம் பிள்ளைங்க நோட்டுல சிவப்பு மையால சுழிச்சவர்தானே? எனக்கு மட்டும் எல்லாத்துக்கும் சரி போட்டீங்களே, நான் எப்படிப் பாஸாவேன்?"

"நீ அழுவேன்னு பயந்தேன்."

"அழுதா என்ன? அழுதுட்டு அடுத்ததைச் சரியா வெட்டியிருப்பேன் இல்ல? அந்தம்மா அவ்வளவு சொன்னாங்க, தப்பைத் தெளிவாச் சொல்லணும்னு. கேட்டுட்டுத்தானே உட்கார்ந்திருந்தீங்க? நான் தப்பு தப்பாப் பண்ணினேன், நீங்க ரெண்டு பேரும் சரி சரின்னு சொன்னீங்க, அதையே நான் கத்துக்கிட்டேன். ரெண்டரை மாசம் தப்பையே பழகியிருக்கேன்!"

இன்னும் ஒன்று இருந்தது, அது நெஞ்சில் நின்றுவிட்டது. என்னை மாத்திரைக்காரி ஆக்கினீர்களே. நான் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்துகொண்டே டாக்டரிடம் கூட்டிப்போய் உட்கார வைத்தீர்களே. மாத்திரை குறைத்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கடையில் நடக்கிறதைச் சொல்லியிருந்தால் நான் பைத்தியம் இல்லை என்று எனக்காவது தெரிந்திருக்கும்.

பையைக் கொடுக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

கடைக்குப் போகவில்லை. அவர் சமைத்தார். சாப்பிட்டேன். பேசவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஒரு விஷயம் உறுத்துகிறது, எழுதிப் பார்க்கிறேன். அவர்கள் ஏமாற்றியது கோபம். அது தெரிந்த கோபம். இன்னொன்று இருக்கிறது. அவர் கற்றுக்கொண்டுவிட்டார். அறுபத்து மூன்று வயதில், திருகு முடுக்கத் தெரியாத மனுஷன், இரண்டு மாதத்தில் ஓரம் நீவுகிறார். மே மாதம் பார்த்த கிரேன்காரர் லென்ஸில் கோணலாக இருந்தது. அன்றைக்குக் கல் முன்னால் பார்த்தேனே, கை எவ்வளவோ படிந்திருந்தது. அவருக்குத் தப்பு என்று சொல்ல ஆள் இருந்தது. "அழுத்தாதீங்க" என்று குட்டி அவரிடம் சொல்கிறாள்! அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே.

குட்டி மேல் பொறாமை இல்லை. அவர் மேல்தான்.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். வாத்தியார் வெளியே பெஞ்சில் இருக்கட்டும் என்றேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நீங்க சந்தேகப்பட்டதுல பாதி சரி" என்றார். "நான் உங்ககிட்ட இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும்."

டாக்டர் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாத்திரை குறைத்தது அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. "இனிமே சந்தேகம் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டேன். "சம்பந்தப்பட்டவங்ககிட்ட நேரா கேளுங்க. அவங்க நேரா பதில் சொல்லணும். பதில் சொல்லாம வேற பேச்சு பேசினா எங்கிட்ட வாங்க."

கதவைத் திறந்து அவரையும் கூப்பிட்டு அதையே அவரிடமும் சொல்லச் செய்தேன்.

ஜூன் 16, திங்கள்

கடைக்குப் போனேன். இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னேன். "நான் வெட்டுறதை என் முன்னால பாருங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. எங்க தப்புன்னு சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போனப்புறம் என் லென்ஸ்ல யாராவது கை வெச்சா அன்னைக்கோட நான் இந்தக் கடைக்கு வரமாட்டேன்."

குட்டி உடனே சரி என்றாள். அந்தச் சரியையும் நான் நம்பவில்லை.

முதல் லென்ஸ். வெட்டிக் கொடுத்தேன். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்ப லென்ஸைப் பார்த்தாள்.

"தப்புக்கா" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

"காது கேக்கல."

"தப்பு!"

வெளியே ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான். எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

வாயால் சொல்லிக்கொண்டே செய்கிறேன். "வடிவம் ஆச்சு. எந்தக் கண்? வலது. அமுக்கியாச்சு. ஆக்ஸிஸ் எவ்வளவு? பார்த்தாச்சு. வகை என்ன?" கேட்கிறவர்களுக்கு மெஷினோடு சண்டை போடுவது போலிருக்கும். சொல்லாமல் செய்தால் விரல் பழைய தப்புக்கே ஓடுகிறது. ரெண்டரை மாசம் பழக்கினது சும்மா விடுமா? சொல்லிச் செய்தால் பத்துக்கு ஏழெட்டு சரியாக வருகிறது. நேரம் பிடிக்கிறது. நான் ஒன்று வெட்டுகிற நேரத்தில் குட்டி நாலு வெட்டுவாள். வெட்டட்டும்.

நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

இரட்டைப் பவர் லென்ஸை இனி குட்டியே வெட்டட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். அதில் பார்க்க வேண்டியது அதிகம், ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒரு பெண்ணுக்கு வெட்டின லென்ஸ் சரி என்று குட்டி சொன்னாள். ரொம்ப வேகமாகச் சொன்னது போலிருந்தது. சட்டென்று மனசு பழைய இடத்துக்குப் போய்விட்டது. மறைக்கிறாள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நேரே கேட்டேன். "நெஜமாவா?"

கோபித்துக்கொள்ளவில்லை. லென்ஸை என் கையிலேயே கொடுத்து, "நீயே பவர் மெஷின்ல வெச்சுப் பாருக்கா" என்றாள். வைத்துப் பார்த்தேன். சரிதான்.

அந்தப் பின்னின பையை அவளிடம் கொடுத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

குட்டிக்குக் காய்ச்சல். கடையில் நானும் வாத்தியாரும்தான். காலையிலிருந்து கூட்டம். அவர் வந்தவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தரிடம் பூமத்திய ரேகை வரைக்கும் போய்விட்டார். நான் பின்னறையில் வாயால் சொல்லிச் சொல்லி வெட்டினேன்.

மத்தியானம் பஸ் ஓட்டுகிற ஒரு அம்மாவின் லென்ஸ். வெட்டி வாத்தியாரிடம் கொடுத்தேன். பவர் மெஷினில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க."

"தப்பு" என்றார். மென்று விழுங்காமல், வகுப்பில் சொல்கிற மாதிரி. "ஆக்ஸிஸ். மேல பன்னெண்டு டிகிரி போயிருக்கு."

மாத்திரை இறங்கிக்கொண்டிருந்த நேரம், கை ஆடியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வேறு லென்ஸ் எடுத்து, முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வெட்டி நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"சரி."

அடுத்த ஃபிரேமை எடுத்தேன்.